கல்லாங்குத்து: பாலாற்றங்கரைத் தாத்தா ஒருவரின் நில வரலாறு



நினைவுப் பேருரை என்றால் தலைவர் ஒருவரின் வாழ்க்கையைப் பேசுவது வழக்கம். எங்கள் தாத்தாவைப் பற்றிப் பேசலாமா என்று மன்றத் தோழர்களிடம் கேட்டேன். அதில் வரலாறு இருந்தால் பேசுங்கள் என்றார்கள். இருக்கிறது என்று நம்பித்தான் வந்திருக்கிறேன்.

நமக்குத் தாத்தா என்ற சொல் வீட்டோடு நிற்பதில்லை. இரட்டைமலை சீனிவாசனை நாம் அப்படித்தான் அழைக்கிறோம். 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கியவர். அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டில் உட்கார்ந்தவர். பொதுச்சாலையில் நடக்கவும் பொதுக்கிணற்றில் நீர் எடுக்கவும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்று 1924இல் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தவர். அந்தத் தாத்தா சட்டசபையில் கிணற்றைப் பற்றிப் பேசிய நாளில், மாதனூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவில் பாலாற்றங்கரைச் சேரி ஒன்றில் இன்னொருவர் சிறுவனாக அடுத்தவர் மாட்டை மேய்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் எங்கள் தாத்தா. எந்த மேசையிலும் அவர் உட்காரவில்லை. எண்பத்தெட்டு வயது வரை ஏர் பிடித்தார். 2013இல் இறந்தபோது அவருக்கு வயது தொண்ணூற்றைந்து.

இந்த வயது கணக்குப் போட்டுச் சொல்வது. பிறப்புச் சான்றிதழ் கிடையாது. ரேஷன் அட்டையில் ஒரு வயது, வாக்காளர் அட்டையில் இன்னொரு வயது, முதியோர் உதவித்தொகைத் தாளில் மூன்றாவது. விஷக் காய்ச்சல் வந்து சேரியில் வீட்டுக்கு வீடு பிணம் விழுந்த வருஷத்தில் தன்னைப் பெற்றதாக அவருடைய அம்மா சொல்லியிருக்கிறார். அது 1918. நம் வீடுகளில் காலண்டர் இப்படித்தான் இருந்தது: தாது வருஷப் பஞ்சம், 1903இல் வாணியம்பாடியை அடித்துப்போன பாலாற்று வெள்ளம், விஷக் காய்ச்சல், ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று மதராஸ் காலியான வருஷம். இந்தக் காலண்டரைப் படிக்கப் பழகாமல் நம் மக்களின் வரலாற்றை எழுத முடியாது என்பது என் கருத்து. ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து மட்டும் எழுதியவர்கள் எழுதிய புத்தகங்களில் எங்கள் தெரு இல்லை.

எங்கள் பகுதியின் பெயரைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் தோல் என்பார்கள், ஷூ கம்பெனி என்பார்கள், ஆம்பூர் பிரியாணி என்பார்கள். நம்மவர்கள் எழுதும் வரலாற்றில் கோலார் தங்கவயலும் சேர்ந்துகொள்ளும். அது சரிதான். 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்கம் தோண்டத் தொடங்கியது முதல் வடாற்காட்டுச் சேரிகள் கூட்டம் கூட்டமாக அங்கே போயின. அயோத்திதாசரின் ‘தமிழன்’ இதழ் அங்கே வாசிக்கப்பட்டது, மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் நடந்தது, அப்பாதுரையார் அங்கிருந்து எழுதினார். பண்ணையாரின் கண்ணுக்கு எட்டாத இடத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் தலைமுறை அது. தாத்தாவின் சித்தப்பா ஒருவர் அங்கே பூமிக்கடியில் இறங்கினவர். தாத்தாவையும் கூப்பிட்டார்கள், போகவில்லை. ஏன் தாத்தா போகலை என்று கேட்டால், “பூமிக்கு உள்ள எறங்கி இன்னா பண்றது, மேல நிக்கத்தான எடம் இல்ல நமக்கு” என்பார்.

தோல், தங்கம் இரண்டையும் எழுதிவிட்டு நாம் நிறுத்திக்கொள்கிறோம். மூன்றாவதான நிலத்தைப் பற்றி எழுதும்போது ‘நிலமற்ற விவசாயக் கூலிகள்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். பெரும்பாலானோருக்கு அது உண்மை. ஆனால் அந்த வரியில் தாத்தா போன்றவர்கள் விழுந்து காணாமல் போகிறார்கள். நிலம் இருந்தது, அதை விளைநிலமாக ஆக்கினார்கள், பிறகு அது போயிற்று. ஒருகாலத்தில் இருந்தது என்பதே மறந்துபோனால், போனதை யாரிடம் கேட்பது? அதற்காகத்தான் இன்று இவரைப் பற்றிப் பேசுகிறேன்.

தாத்தாவின் அப்பா படியாள். படியாள் என்றால் தானியத்தைப் படியால் அளந்து வாங்கும் பண்ணையாள். கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்குப் பத்திரத்தில் கைநாட்டு வைத்தால், கடன் தீரும்வரை அவன் உழைப்பு பண்ணைக்கு. கடன் தீராது. அப்புறம் மகன் வந்து நிற்பான். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் அரசுக்கு எழுதிய அறிக்கை இந்தப் பத்திரங்களைப் பற்றிப் பேசுகிறது. புறம்போக்கு நிலத்தைக் கேட்டுப் பறையர் மனு கொடுத்தால் மிராசுதார்கள் எப்படித் தடுக்கிறார்கள் என்பதையும் சொல்கிறது. அதைத் தொடர்ந்து வந்ததுதான் 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட வருவாய்த்துறை அரசாணை 1010. பஞ்சமருக்கு நிலம் ஒதுக்கலாம், பத்தாண்டுகளுக்கு அதை விற்கவோ மாற்றவோ கூடாது, அதன்பிறகும் பட்டியல் மக்களுக்கு வெளியே போகக்கூடாது என்ற நிபந்தனையோடு. 1920ஐ ஒட்டி லேபர் கமிஷனர் அலுவலகம் அமைந்தபின் பல மாவட்டங்களில் இந்த ஒப்படை வேகம் பிடித்தது. மொத்தம் 12 லட்சம் ஏக்கர் என்று நம் மேடைகளில் சொல்கிறோம். அந்த எண்ணைச் சொல்லிக் கைதட்டல் வாங்குவது எளிது. எந்த ஊரில், எந்தப் புல எண்ணில், எவ்வளவு என்று கேட்டால் மேடை அமைதியாகிவிடுகிறது.

எங்கள் குடும்பத்துக்கு வந்தது 2 ஏக்கர் 80 சென்ட். 1930களின் தொடக்கம். தாத்தாவுக்குப் பதினாலு பதினஞ்சு வயது. அந்த இடத்துக்கு ஊரில் பெயர் கல்லாங்குத்து. பெயரே நிலத்தைச் சொல்லிவிடும். ஊர்க்காரர் எவரும் வேண்டாம் என்று விட்ட, ஆவாரஞ்செடியும் பாறையும் மட்டும் இருந்த மேடு. வெள்ளைக்காரக் கலெக்டர் நமக்கு நிலம் கொடுத்தார் என்று நான் கல்லூரியில் படித்துவிட்டு வந்து பெருமையாகச் சொன்னபோது தாத்தா சொன்னது: “கலெக்டர் குட்த்தது கல்லு. மண்ணு நாங்க போட்டது.”

உண்மையிலேயே மண் போட்டார்கள். பகலெல்லாம் பண்ணை வேலை. நிலா வெளிச்சத்தில் கல் பொறுக்கினார்கள். பொறுக்கிய கல்லையே சுற்றி வரப்பாக அடுக்கினார்கள். ஏரி வற்றிய கோடையில் வண்டலைக் கூடையில் சுமந்து கொட்டினார்கள். அதில் பாதிக்கு மேல் பெண்கள் தலையில் போனது. ஆயாவின் உச்சந்தலையில் சும்மாடு அழுத்தி அழுத்தி மயிர் முளைக்காமல் போன வட்டம் ஒன்று கடைசிவரை இருந்தது. பட்டாவில் ஆயாவின் பெயர் எக்காலத்திலும் இல்லை.

பிறகு கிணறு. ஊர்க் கிணற்றில் வாளி விட முடியாத மக்கள் தங்களுக்கென்று வெட்டிய கிணறு அது. 1924 தீர்மானம் பட்டணத்தில் நிறைவேறிப் பத்து வருஷம் ஆகியிருந்தது. பாலாற்றங்கரையில் அதன் சத்தம் கேட்கவில்லை. ஆறு கோடைகள் தோண்டினார்கள். மேலே செம்மண், அதற்குக் கீழே சுக்கான்கல், அப்புறம் கரும்பாறை. கடப்பாரை, சம்மட்டி, காசு கிடைத்தபோது வெடி. நாற்பத்திரண்டு அடியில் ஊற்றுக்கண் திறந்தது. தண்ணீர் வந்த அன்று தாத்தா உள்ளே இறங்கி வாயில் ஊற்றிப் பார்த்தாராம். அன்று தொடங்கிய பழக்கம். தினமும் காலையில் கிணற்றுக்குப் போனதும் ஒரு கை அள்ளி வாயில் வைத்து, கொஞ்ச நேரம் நாக்கில் புரட்டிவிட்டுத் துப்புவார். அதற்கு அப்புறம்தான் மாடு பூட்டுவார்.

அந்தக் கிணற்றில் இறைத்தது கவலையால். இளைய தோழர்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கிணற்றின் வாயில் உருளை, அதன்மேல் வடம், வடத்தின் ஒரு முனையில் சால், மறுமுனையில் ஒரு ஜோடி மாடு. மாடு சரிவில் இறங்கினால் சால் மேலே வரும். சாலின் அடியில் தோலால் தைத்த தும்பி, ஒரு நீண்ட குழாய் போல. அது மேலே வந்ததும் மடங்கியிருந்தது நிமிர்ந்து வாய்க்காலில் தண்ணீரைக் கொட்டும். இறங்கும்போது தாத்தா வடத்தின்மேல் உட்கார்ந்துகொள்வார். ஏறும்போது மாட்டோடு பின்னாலேயே நடந்து வருவார். ஒரு நாளைக்கு எத்தனை சால் என்று கணக்கு உண்டு. விடியலுக்கு முன் தொடங்கி வெயில் ஏறும்வரை. அவருடைய முழங்கால் எண்பது வயதிலும் மடங்கி நிமிர்ந்ததற்கு அந்தச் சரிவுதான் காரணம் என்று அவர் நம்பினார்.

இதில் தோலைக் கவனியுங்கள். தோல் தும்பி இல்லாமல் கவலை இல்லை. கவலை இல்லாமல் வடாற்காட்டின் கிணற்றுப் பாசனம் இல்லை. தோல் பகுதி என்ற பெயர் எங்களுக்கு ஏற்றுமதியால் வந்தது என்று எழுதுகிறார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே இந்த மண்ணின் நெல்லும் மல்லாட்டையும் கரும்பும் தோலில் வந்த தண்ணீரில்தான் விளைந்தன. எங்கள் ஊரில் தும்பியைத் தைத்தவர்கள் அருந்ததியர். அதற்கு அறுவடையில் நெல் கொடுப்பது முறை. அந்த நெல்லைக் கொடுக்கும்போது தாத்தாவும் எட்ட நின்றுதான் கொட்டினார் என்று ஆயா சொல்லக் கேட்டிருக்கிறேன். ஊர் அவருக்குச் செய்ததை அவர் இன்னொரு தெருவுக்குச் செய்தார். அவர்மேல் எனக்கிருக்கும் அன்பு பெரிது என்பதற்காக இதை விட்டுவிட்டுப் பேச முடியாது. பிற்காலத்தில் அது மாறியது. 1964 டிசம்பர் 6இல் நிலமற்றவர்களுக்கு நிலம் கேட்டு ரிபப்ளிகன் கட்சி நாடு முழுவதும் போராட்டம் தொடங்கியபோது தாத்தாவும் ஊர்வலத்தில் போனார். யானைச் சின்னத்துக்கு வோட்டுப் போட்டவர் அவர். அந்தப் போராட்டத்தில் தும்பி தைத்தவரின் மகனும் இவரும் ஒரே இலையில் சோறு தின்றதாகச் சொல்வார். சொல்லும்போது கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொல்வார்.

அவர் எப்படிப்பட்டவர் என்றும் சொல்லவேண்டும். உயரம் இல்லை. கறுத்து, காய்ந்த பனங்கிழங்கு மாதிரி உடம்பு. காலையில் கேழ்வரகுக் கூழ், மத்தியானம் களி, ராத்திரி கிடைத்தது. எண்பது தாண்டியும் கரும்பைப் பல்லால் உரித்தார். எழுபத்து நாலு வயதில் பொய்கைச் சந்தையில் வாங்கிவந்த முரட்டுக் காளை தொடையைக் கிழித்துவிட்டது. தையல் போட்டுக்கொண்டு வந்தவர், பதினோராம் நாள் அதே காளையை ஏரில் பூட்டினார். அதற்குத் தண்டனையா என்று கேட்டோம். “அதுக்குப் பயம் போவணும்ல” என்றார். எனக்கு முள்ளுக் கத்தரி விதை எடுக்கச் சொல்லிக்கொடுத்தவர் அவர். செடியிலேயே பழுத்து மஞ்சளாகும்வரை விட்டு, அலசி, சாம்பலில் புரட்டிக் காயவைக்கவேண்டும். வேலூர் முள்ளுக் கத்தரிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. செய்தியைப் படித்தபோது, சேரியின் அடுப்புச் சாம்பலில் எத்தனை தலைமுறை விதை காய்ந்தது என்று அந்தச் சான்றிதழில் எங்கே எழுதுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பொய்கைச் சந்தையைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். செவ்வாய்க்கிழமை கூடும் மாட்டுச் சந்தை. தாத்தாவுக்கு மாடு தெரியும். சுழி பார்ப்பார், பல் பார்ப்பார், நடக்கவிட்டுக் குளம்பு விழும் சத்தத்தைக் கேட்பார். எழுபது வயதில் எங்கள் ஊரில் அவர் பேரன் வயதுப் பையன் அவரை ‘வாடா போடா’ என்பான். சந்தையில் அதே ஊர்க்காரர்கள் ‘வாங்க பெரியவரே, இதப் பாருங்க’ என்பார்கள். விலை பேசுவது துண்டுக்கு அடியில், விரலைப் பிடித்து. ஊரில் அவர் கை பட்ட சொம்பைக் கழுவி வைப்பவர், துண்டுக்கடியில் அவர் விரலை ஐந்து நிமிஷம் விடாமல் பிடித்திருப்பார். சமூகவியலில் தீண்டாமையைப் பற்றி நான் படித்த பல பக்கங்களைவிட இந்தத் துண்டு எனக்கு அதிகம் விளக்கியது. தீட்டு எங்கே நிற்கும், எங்கே நகர்ந்துகொள்ளும் என்பதை லாபம் முடிவு செய்கிறது.

பசுமைப் புரட்சி வந்தது. இந்தியாவிலேயே அதைப் பற்றி அதிகம் ஆராயப்பட்ட மாவட்டங்களில் எங்கள் வடாற்காடும் ஒன்று. 1970களில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் வந்து நெல் விளையும் கிராமங்களில் தங்கிக் கணக்கெடுத்தார்கள். 1980களில் இன்னொரு குழு வந்து, புரட்சியால் ஏழைகளும் பயனடைந்தார்களா என்று மறுபடி பார்த்தது. நல்ல ஆய்வுகள்தான். ஆனால் அந்த வகை ஆய்வுகளில் பெரு விவசாயி, சிறு விவசாயி, நிலமற்ற கூலி என்று கட்டங்கள் இருக்கும். தாத்தாவை எந்தக் கட்டத்தில் வைப்பது? தை மாதத்தில் அவர் 2 ஏக்கர் 80 சென்டின் சொந்தக்காரர். சித்திரையில் அடுத்தவர் கரும்பு வெட்டும் கூலி. ஆடியில் வாரத்துக்கு உழும் குத்தகைக்காரர். ஒரே ஆள் ஒரே வருஷத்தில் மூன்று கட்டத்திலும் நின்றார். கணக்கெடுக்கும் மாதம் எதுவோ அதுவாக அவர் எழுதப்பட்டிருப்பார். தலித் விவசாயி என்ற ஆள் புள்ளிவிவரத்தில் ஏன் தட்டுப்படுவதில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கவலை போய் மோட்டார் வந்தது. 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. காசு இருந்தவர்கள் போர் போட்டு ஆழத்துக்குப் போனார்கள். நாற்பத்திரண்டு அடியில் நின்றவர் கிணற்றில் காலை இரண்டு மணி நேரம் தண்ணீர், மீதி நேரம் பாறை. இலவச மின்சாரம் எல்லோருக்கும் ஒன்றுதான். அது எடுக்கும் தண்ணீர் ஒன்றல்ல.

நிலம் குறைந்த கதை தனி. பஞ்சமி நிலத்தை அடித்துப் பிடுங்கினார்கள் என்று நாம் சொல்கிறோம். அது நடந்திருக்கிறது. பல இடங்களில் சத்தமே இல்லாமலும் போனது. தாத்தா ஒரு கல்யாணத்துக்கும் ஒரு பஞ்சத்துக்கும் ஒரு ஏக்கரை அடமானம் வைத்தார். வெறும் கைமாற்றுப் பத்திரம். வட்டிக்குப் பதிலாகக் கடன் கொடுத்தவர் பயிர் வைத்துக்கொண்டார். 1979க்கும் 1987க்கும் இடையில் தமிழ்நாடு முழுக்க நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்தது. யு.டி.ஆர். என்றால் எல்லோருக்கும் தெரியும். யார் அனுபவத்தில் இருக்கிறதோ அவர் பெயர் பதிவேட்டில் ஏறியது. பழைய பதிவேட்டில் குறிப்புக் கட்டத்தில் டி.சி. என்று இரண்டு எழுத்து இருக்கும். ஒடுக்கப்பட்ட வகுப்புக்கு நிபந்தனையோடு கொடுத்தது என்று அர்த்தம். புதிய பதிவேட்டுக்கு மாற்றி எழுதும்போது பல ஊர்களில் அந்த இரண்டு எழுத்து விழுந்துவிட்டது. நிபந்தனையை மீறிய கைமாற்றம் செல்லாது என்பது விதி. நிபந்தனையே தாளில் இல்லாதபோது எதை மீறியதாகச் சொல்வது? எங்கள் ஒரு ஏக்கர் அப்படிப் போனது. தாத்தா வரப்பின் மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் ‘கண்டிஷன் பட்டா’ என்ற சொல் மட்டும் அவருக்குச் சாகும்வரை மறக்கவில்லை.

இந்த இரண்டு எழுத்துக்காக உயிர் போயிருக்கிறது. காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கிளம்பிய மக்கள்மீது 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் கொல்லப்பட்டார்கள். செய்தி எங்கள் சேரிக்கு வந்த அன்று நான் பள்ளி மாணவி. தாத்தா களி உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். சாப்பாட்டை அவர் மீதி வைத்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

அந்த ஏக்கர் போனபின் மிச்சமிருந்தது 1 ஏக்கர் 80 சென்ட். அதையும் யாரோ எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. அது அங்கேயே இருந்தது. அதில் இருந்த உயிர் போனது.

எங்கள் பகுதியில் ஒருகாலத்தில் ஆவாரம்பட்டையை வைத்துத் தோல் பதனிட்டார்கள். பட்டை உரித்துக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் சேரிப் பெண்கள். ஆயாவும் போயிருக்கிறார். 1972இல் சீதாராமையா குழு அறிக்கை கொடுத்தது. பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதைக் குறைத்து, முழுதும் முடித்த தோலாக அனுப்பினால் அந்நியச் செலாவணி கூடும் என்றது. அரசு கொள்கையை மாற்றியது. குரோம் பதனிடல் பெருகியது. நாம் எல்லோரும் குரோமியம் என்று பேசுகிறோம். அது நஞ்சுதான். ஆனால் விவசாயியின் வயலைக் கொன்றது பெரும்பாலும் சாதாரண உப்பு. ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் அழுகாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் வரும். முதல் வேலை அதை ஊறவைத்து அலசுவது. அந்த ஊறல் தண்ணீர் ஆற்றுக்குப் போயிற்று. பாலாறு மேலே வறண்டு கிடந்தாலும் மணலுக்கு அடியில் ஓடும் ஆறு. உப்பும் அப்படியே அடியில் நடந்து கீழே வந்தது, அவசரமில்லாமல், வருஷக்கணக்கில். சோடியம் ஏறிய மண்ணில் களிமண் துகள்கள் பிரிந்து துளைகளை அடைக்கும். தண்ணீர் இறங்காது. வெயில் பட்டால் மேலே வெள்ளையாகப் பூக்கும், அடியில் சிமெண்ட் மாதிரி இறுகும். நெல் பால் பிடிக்காமல் பதராகும். தேங்காய் எலுமிச்சம்பழ அளவில் உதிரும்.

இதை எந்தச் சோதனைக்கூடமும் எங்களுக்குச் சொல்வதற்கு முன்னால் தாத்தாவின் நாக்கு சொன்னது. ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். “அம்மாடி, நீ படிச்சவ. வாயில வெச்சுப் பாரு. கரிக்குதா, எனக்குத்தான் நாக்குப் பூட்ச்சா?” கரித்தது.

அப்போது என் அப்பா ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் வேலை செய்துகொண்டிருந்தார். ஊறல் தொட்டியில்தான் வேலை. ரப்பர் காலணி வருஷத்துக்கு ஒரு ஜோடி. கையிலும் காலிலும் புண். வீட்டில் பெரிய சண்டை வந்தது. “நீ அலசி வுடற தண்ணிதான்டா என் கெணத்துக்கு வருது” என்றார் தாத்தா. “அந்தத் துட்டுலதான் உன் பேத்தி படிக்கிறா. உன் கெணறு குட்த்துச்சா?” என்றார் அப்பா. இரண்டு பேரும் பல மாதங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஆயா இடையில் நின்று இருவருக்கும் தனித்தனியாகச் சோறு போட்டார்.

இரண்டு பேர் சொன்னதும் உண்மை. தோல் ஷாப்பு சம்பளம் இல்லாமல் நான் முதுகலை முடித்திருக்க முடியாது. படியாள் பத்திரத்தைக் கிழித்ததில் அரசாணைக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு ஆம்பூர் சம்பளத்துக்கும் உண்டு. இன்று எங்கள் தெருப் பெண்கள் ஷூ கம்பெனி பஸ்ஸில் போகிறார்கள். ஊர்த் தெருவில் குனிந்து நிற்க அவர்களுக்கு நேரமும் இல்லை, தேவையும் இல்லை. ஆகவே சுற்றுச்சூழல் கூட்டங்களில் ‘எல்லா ஆலையையும் மூடு’ என்று சுலபமாகச் சொல்கிறவர்களோடு எனக்கு ஒப்புதல் கிடையாது. அதேபோல, வேலை கொடுத்ததால் கிணற்றைக் கெடுக்க உரிமை உண்டு என்று பேசுகிறவர்களோடும் கிடையாது. ஒரே குடும்பத்தில் ஒருவன் கையால் இன்னொருவன் கிணறு கெடும்படி ஏற்பாடு செய்தது யார் என்பதே கேள்வி. அலசிய தண்ணீரைச் சுத்தம் செய்ய ஆகும் செலவை மிச்சம் பிடித்தவர் தொட்டியிலும் இறங்கவில்லை, கிணற்றிலும் இறங்கவில்லை.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே இழப்பைக் கொடுக்கவேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்திய தீர்ப்பு. சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது. தோல் பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனதை அது பதிவு செய்தது. அப்போது எங்கள் மாவட்டத்தின் பெயர் வடாற்காடு அம்பேத்கர் மாவட்டம். தீர்ப்பில் அந்தப் பெயர்தான் இருக்கிறது. 1997இல் மாவட்டங்களிலிருந்து தலைவர்கள் பெயரை எடுத்தபோது அதுவும் போய், வேலூர் மட்டும் நின்றது. தீர்ப்பின்படி இழப்பை மதிப்பிடும் ஆணையம் அமைந்த தேதி 1996 செப்டம்பர் 30. பஞ்சமி அரசாணையின் அதே தேதி, 104 வருஷம் கழித்து. இது தற்செயல்தான், ஆனாலும் எனக்கு மறப்பதில்லை.

2001 மார்ச்சில் ஆணையம் மதிப்பீட்டை முடித்தது. வேலூர் மாவட்டத்தில் 186 கிராமங்கள், 15,164 எக்டேர், பாதிக்கப்பட்டோர் 29,193 பேர், 547 ஆலைகள் கொடுக்கவேண்டிய தொகை 26.82 கோடி ரூபாய். கோடி என்றதும் பெரிதாகத் தெரியும். வகுத்துப் பாருங்கள். தலைக்குச் சராசரி 9,200 ரூபாய்கூட வரவில்லை. ஏக்கருக்குக் கிட்டத்தட்ட 7,000. ஏழு வருஷத்துக்கு மேற்பட்ட நஷ்டத்துக்கு. ஆறு கோடை வெட்டிய கிணற்றுக்கு இதில் என்ன விலை? அந்த நிலங்களில் நாற்று நட்டும் களை எடுத்தும் பிழைத்த, ஒரு சென்டும் இல்லாத பெண்கள் இழந்த கூலி நாட்களை எந்த எக்டேரில் சேர்ப்பது? வழக்கு மறுபடியும் மேலே போய், 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் பேசவேண்டி வந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு கொடுத்துவிட்டு, பிறகு ஆலைகளிடம் வசூலிக்கட்டும் என்றது. முதல் தீர்ப்பு வந்தபோது கைக்குழந்தையாக இருந்தவர்கள் இன்று கைக்குழந்தையோடு நிற்கிறார்கள்.

தாத்தா விடவில்லை. நெல் போனதும் கேழ்வரகு வைத்தார். அது போனதும் மாட்டுக்குத் தீவனப் புல். எண்பத்தெட்டு வயதில் கடைசியாக ஏர் பிடித்தது மழையை நம்பி மல்லாட்டை போட. நல்ல மழை பெய்த வருஷம், உப்பு கொஞ்சம் இறங்கியிருந்தது. மூன்று மூட்டை வந்தது. அதை விற்கவிடவில்லை. வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் வறுத்துக் கொடுத்தார். அதன்பின் ஏழு வருஷம் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தார். கண் மங்கியபிறகும் காலையில் ஒரு கை தண்ணீர் அள்ளும் பழக்கம் போகவில்லை. துப்பிவிட்டு, ஆலை முதலாளியையும் அப்பாவையும் அரசாங்கத்தையும் வரிசையாகத் திட்டுவார். திட்டுவதற்குக் குரல் கடைசிவரை இருந்தது.

அவர் போய் எட்டு வருஷம் கழித்து, 2021 நவம்பரில், எங்கள் தலைமுறை பார்த்திராத வெள்ளம் பாலாற்றில் வந்தது. 1903க்குப் பிறகு இதுதான் என்றார்கள். கரையோரக் குடிசைகளை அடித்துக்கொண்டு போனது, அதை மறக்க முடியாது. சில மாதங்களுக்குக் கிணறுகளும் நிரம்பி வழிந்தன. எங்கள் கிணற்றுத் தண்ணீர் அந்தத் தை மாதம் கரிக்கவில்லை. சித்திரையில் மறுபடி கரித்தது. பாலாற்றங்கரை மாவட்டத்துக்கு இப்போது குடிக்கக் காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறது.

கடைசியாக மாணவர்களிடம் ஒரு வேலையைக் கொடுக்க விரும்புகிறேன். எங்கள் பகுதியில் ஐந்தாறு இளைஞர்களோடு சேர்ந்து நான் இப்போது செய்துகொண்டிருப்பது இது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, யு.டி.ஆருக்கு முந்தைய நிலப் பதிவேட்டையும் பிந்தைய அ-பதிவேட்டையும் கிராமம் கிராமமாக வாங்குகிறோம். இரண்டையும் பக்கத்தில் வைத்து, டி.சி. என்ற எழுத்து எந்தப் புல எண்ணில் இருந்தது, எதில் காணவில்லை என்று குறிக்கிறோம். இது பாதி வேலை. மீதிப் பாதி எண்பது வயதுக்கு மேற்பட்டவர்களின் பக்கத்தில் உட்காருவது. அவர்களுக்குப் புல எண் தெரியாது, வயலின் பெயர் தெரியும். எந்த வயலில் யார் கல் பொறுக்கினார்கள், எந்தக் கிணற்றில் எந்த அடியில் பாறை வந்தது, எந்த வருஷம் தண்ணீர் கரித்தது என்று தெரியும். வயலின் பெயரையும் புல எண்ணையும் பொருத்தினால்தான் வழக்கு நிற்கும். அவர்களில் பலர் அடுத்த மழைக்கு இருக்கமாட்டார்கள் என்பதால் அவசரமும் இருக்கிறது.

தாத்தா எனக்குச் சொல்லிவிட்டுப் போன பெயர்கள்: மேல்கல்லாங்குத்து, கீழ்கல்லாங்குத்து, ஆவாரங்கொல்லை, ஒத்தப்பனை மூலை, காய்ச்சக்காரிக் கழனி. காய்ச்சக்காரி யார் என்று அவருக்கே தெரியவில்லை. விஷக் காய்ச்சலில் புருஷனைப் பறிகொடுத்துத் தனியாகப் பயிர் வைத்தவளாக இருக்கலாம் என்றார். இந்த ஐந்தில் இதுவரை மூன்றுக்குப் புல எண் கண்டுபிடித்திருக்கிறோம்.